மூன்று பானையும் கடைசிப் பாட்டும்

இவர் வாழ்நாளில் அடுப்புப் பக்கமே போனதில்லை என்று என் மனைவி எஸ்தர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய். ஒரு புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், புதுப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள் மூன்று கேஸ் அடுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து பகல் முழுக்கத் தண்ணீர் காய்ச்சியவன் நான். ஒவ்வொரு அடுப்பிலும் ஓர் இட்லிப் பானை. ஒவ்வொரு பானையிலும் ஒரு தெர்மாமீட்டர். ஓர் இட்லிகூட வேகவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் பானை கொதிப்பதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். இரண்டாவது, விரலை விட்டால் 'ஸ்ஸ்' என்று எடுத்துக்கொள்கிற சூடு. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். சூடு ஏறினால் ஒரு குவளை பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இறங்கினால் அடுப்பைத் தூக்கிவிட வேண்டும்.

"ஏங்க, ரெண்டாவது ஏறுது பாருங்க! எங்க பராக்கு பாத்துகினு இருக்கீங்க?"

எஸ்தருக்குக் கோபம் வந்தால் படிப்பெல்லாம் பறந்துபோய், பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். நான் பராக்குப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்த அஞ்சலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால், வேலி ஓரமாக, நீல நிறப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. அத்தனையும் தொட்டிகளில் ஊற்றுவதற்கான மருந்து. ஊற்றினால் உள்ளே இருக்கிற ஒரு புழுகூட மிஞ்சாது.

அஞ்சலையின் தாய்கள்

அஞ்சலை மீனவர் வீட்டுப் பெண். நாத்தனார்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தாள். கடலிலிருந்து பிடித்து வருகிற தாய் இறால்களைத் தொட்டியில் வளர்ப்பார்கள். அவை முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பண்ணைகளுக்குப் போகும். தாய் இறால்கள் போனால் தொழிலே போச்சு. மறுபடி தொடங்க அந்த மூன்று பெண்களுக்கும் தெம்பு கிடையாது.

புயலுக்கு முந்தைய வாரம் பக்கத்துப் பொரிப்பகத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டது. இறாலுக்கு அது எமன். இரண்டு இடத்துக்கும் தண்ணீர் வருவது ஒரே வாய்க்காலில். அதிகாரி சண்முகம் வந்து, அஞ்சலையின் தொட்டிகளிலும் மருந்து ஊற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. நோய் கடலோரம் பூராவும் பரவினால் யார் பதில் சொல்வது?

"டாக்டரம்மா, நாளைக்கு சாயந்தரம் ஊத்திடுவாங்களாம்" என்று அஞ்சலை அன்று விடியற்காலையிலேயே செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். லோடு ஆட்டோவில், விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தாள். "என் தாய்ங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா துள்ளிகினு கீதுங்க. நீ வந்து ஒரு வாட்டி டெஸ்ட் பண்ணு. நோய் கீதுன்னு நீ சொன்னா நானே என் கையால ஊத்துறேன்."

எஸ்தர் சண்முகத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், நோய் இல்லைன்னு நீங்க எழுத்துல குடுங்க. மெஷின் டெஸ்ட் வர்ற வரைக்கும் நான் நிறுத்தி வெக்கிறேன்" என்றார் அவர். "ஆனா நாளை சாயந்தரத்துக்கு மேல என்னால தள்ள முடியாது."

கிருமியைக் கண்டுபிடிக்கிற அந்த மெஷின்தான் தொல்லை. எஸ்தரின் ஆய்வகத்தில் இருந்தது கரண்ட் இல்லாமல் முடங்கிக் கிடந்தது. எஸ்தரின் பழைய மாணவி கலைவாணி பேராசிரியராக இருக்கும் கல்லூரியிலும் ஒன்று இருந்தது. அது இருந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சென்னைக்கு அனுப்பலாம் என்றால் சாலையெங்கும் மரங்கள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அஞ்சலையிடம் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது, அதுவும் தொட்டிக்குக் காற்று ஊதவே திணறிக்கொண்டிருந்தது.

எஸ்தர் என்னைப் பார்த்து, "பரண் மேல இருக்கிற பெரிய இட்லிப் பானைய எடுங்க" என்றாள். "இன்னும் ரெண்டு வேணும். எதிர்வீட்டுல கேளுங்க."

யார் இந்த டாக்டரம்மா

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எஸ்தர் பிறந்தது மதுராந்தகம் ஏரிக்கு அப்பால் ஒரு சேரியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள். டி.என்.ஏ. என்றால் பத்திரிகைக்காரர்களே விழித்த காலத்தில் அதைப் படித்துப் பட்டம் வாங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்பை மறுத்துவிட்டு, செங்கல்பட்டில் மழைக்கு ஒழுகும் ஒரே ஓர் அறையில் ஆய்வகம் வைத்தாள். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க இறால் செத்தா பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க" என்பாள்.

இறாலுக்கு வந்த நோய் இன்னது என்று, கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடிப்பிடித்துச் சொல்வதை இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். இன்று மரக்காணத்திலிருந்து நெல்லூர் வரை உள்ள சோதனைக் கூடங்களில் பாதிக்கு மேல் அவளிடம் திட்டு வாங்கிப் படித்தவர்கள்தான் இருக்கிறார்கள். விழா மேடையில் 'மூலக்கூறு உயிரியலின் முன்னோடி' என்று யாராவது ஆரம்பித்தால் அவள் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள்.

நானோ கோயில் வேலை பார்த்த குடும்பம். அப்பா பெருமாள் சன்னதியில் பாசுரம் சேவிக்கும், அதாவது சேர்ந்து ஓதும், கோஷ்டியில் இருந்தவர். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். செங்கல்பட்டு ரயிலில் தினமும் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, தடித்தடியான புத்தகம் படித்த பெண்ணிடம் ஒருநாள் ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டேன். மூட வேண்டாம் என்றாள். இன்றுவரை எங்கள் வீட்டில் ஜன்னல் விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம்.

இரண்டு வீட்டிலும் பூகம்பம். அவள் அப்பா சீக்கிரம் சமாதானமாகிவிட்டார். என் அப்பா வெகுநாள் பேசவில்லை.

பாட்டுக் கடிகாரம்

எஸ்தர் ஆய்வகம் தொடங்கிய காலத்தில் அங்கே மெஷின் இல்லை. மூன்று வெந்நீர்த் தொட்டிகள்தான். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் அவளைக் கேளுங்கள். கிருமியின் டி.என்.ஏ. துளியூண்டுதான் இருக்கும். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பெருக்க வேண்டும். முதல் தொட்டியின் சூட்டில் அதன் இரண்டு இழைகளும் பிரியும். இரண்டாவதில், நாம் தேடும் இடத்தைக் காட்டும் சின்னத் துண்டு போய் ஒட்டும். மூன்றாவதில் புது இழை வளரும். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நாலாகும். குழாய்களைக் கையால் தூக்கித் தூக்கி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு.

ஒருநாள் நேரம் பார்க்கும் கடிகாரம் வெந்நீரில் விழுந்து உயிரை விட்டது. சாப்பாடு கொண்டுபோன நான் மாட்டிக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள். எனக்கு எண்ணினால் தூக்கம் வரும். பாசுரம் சொன்னால் வராது, சின்ன வயதிலிருந்து ஒரே தாளத்தில் சொல்லிப் பழகிய நாக்கு. "அப்போ அதையே சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, நீளமும் குட்டையுமாகப் பல பாசுரங்களைச் சொல்லச் சொல்லிக் கைக்கடிகாரத்தில் அளந்தாள். முதல் தொட்டிக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒரு பதிகத்தின் நீளமான கடைசிப் பாட்டு என்று எடுத்துக்கொண்டாள். அதுவரை ஒழுங்காக வராத சோதனை பாட்டுக்குப் பிறகு பளிச்சென்று வந்ததால், அளந்த நேரத்தையே மனப்பாடம் செய்துவிட்டாள். பிறகு மெஷின் வரும்வரை பல மாதங்கள் லீவு நாட்களில் நான்தான் அவளுக்குக் கடிகாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. அப்பா. பேச்சு வார்த்தை இல்லாதிருந்தவர், யாரோ சொல்லக் கேட்டு வந்துவிட்டார்.

"யாருக்குடா சேவிச்சுண்டிருக்கே?"

"இறாலுக்குப்பா."

அப்பா எஸ்தரைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார். "பெருமாளே மீனா வந்தவர்தானே. இறால் காதுல நாலு வார்த்தை விழுந்தா தப்பில்லை" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னோடு சேர்ந்து சேவிக்க ஆரம்பித்தார். எஸ்தர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஆவி பட்டுவிட்டது என்று சாதித்தாள்.

இருட்டுத் தட்டு

சரி, பானைக்கு வருவோம். சோதனைக்கான மருந்துகளைக் கலைவாணி கல்லூரியிலிருந்து கொண்டுவந்தாள். அவை கெடாமலிருக்க புதுப்பட்டினம் மீன் சந்தையில் ஐஸ் வாங்கிக்கொண்டோம். பெட்டியைத் திறந்தால் விஞ்ஞானத்தோடு வஞ்சிர வாசனையும் வந்தது.

நேரம் பார்க்க இந்தத் தடவை கலைவாணியின் செல்போன். எஸ்தர் மனப்பாடத்திலிருந்து மூன்று நேரத்தையும் சொல்ல, போன் 'டிங் டிங்' என்று அடித்தது. மெஷினில் வைக்கிற நேரத்தையே வைக்கலாமே என்று கலைவாணி கேட்டதற்கு, "மெஷினுக்கு ஒரு கணக்கு, பானைக்கு ஒரு கணக்கு" என்று எஸ்தர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். என்னை அடுப்போடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சுற்றெல்லாம் முடிந்ததும், கூழ் மாதிரி உறைய வைத்த ஒரு தட்டில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டை வரிசையாக விட்டு, அதில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அதற்கு அஞ்சலையின் கொழுந்தன் படகு எஞ்சின்களின் பேட்டரிகளைக் கழற்றி வந்து ஒன்றோடொன்று கோத்துக் கொடுத்தான். கடைசியில் நீல விளக்கை அடித்துப் பார்த்தால், கிருமி இருக்கிற சொட்டு கோடாக ஒளிரும்.

வரிசையில் முதலில், பக்கத்துப் பொரிப்பகத்தில் நோயால் செத்த இறாலின் சொட்டை எஸ்தர் வைத்திருந்தாள். அது ஒளிர்ந்தே ஆக வேண்டும். அது ஒளிர்ந்தால்தான் சோதனை வேலை செய்கிறது என்று அர்த்தம். அஞ்சலையின் மாதிரிகள் சரியாக எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கத் தனியாக வேறு குழாய்களும் வைத்தாள். அந்த விவரத்தை நான் எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

சாயந்தரம் நீல விளக்கை அடித்தார்கள். ஒன்றும் இல்லை. நோயாளி இறாலின் சொட்டுகூட இருட்டு.

கலைவாணி, "மேடம், எப்படியும் அஞ்சலை அம்மாவோடது காலியாத்தானே இருக்கு..." என்று இழுத்தாள்.

"சாவி தொலைஞ்சா பூட்டு நல்லாருக்குன்னு சொல்வியா?" என்றாள் எஸ்தர். "நோய் இருக்கிறதையே காட்டாத டெஸ்ட், இல்லன்னு சொன்னா யார் நம்புறது? நானே நம்ப மாட்டேன். நாளைக்குக் காலையில மறுபடி."

அஞ்சலை வேலி ஓரத்துப் பீப்பாய்களைப் பார்த்தபடி நின்றாள்.

சார், ரெண்டு வாட்டி

மறுநாள் காலை கலைவாணியின் போனில் சார்ஜ் இல்லை. என் போனும் எஸ்தரின் போனும் அதற்கு முன்பே போய்விட்டன. மீனவர்களின் போன்களும் கரண்ட் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியிருந்தன. ஒருவர் கொடுத்த கைக்கடிகாரத்தில் வினாடி முள்ளே இல்லை.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். கேட்க அவளுக்குக் கூச்சம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அடுப்புகளை அஞ்சலையின் நாத்தனார்கள் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் பானைக்கு முதல் பாட்டு. குழாய்கள் மாறின. இரண்டாவதுக்கு இரண்டாம் பாட்டு. மாறின. மூன்றாவதுக்குக் கடைசிப் பாட்டு. நானும் கண்ணை மூடிச் சொல்லி முடித்தேன். கலைவாணியின் கை குழாய்களை எடுக்கப் போய் நின்றது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"சார்... அதே பாட்டை ரெண்டாவது வாட்டி சொல்றீங்க."

கலைவாணி திருக்கழுக்குன்றத்துக்காரி, இதெல்லாம் காதில் விழுந்து வளர்ந்தவள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கோயிலில் கடைசிப் பாட்டை இரண்டு தடவை சொல்லித்தான் கோஷ்டி முடியும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அந்தப் பாட்டை ஒரு தடவையோடு நிறுத்த என் நாக்குக்குத் தெரியாது.

எஸ்தர் நிமிர்ந்தாள். "இன்னாது? ரெண்டு வாட்டியா? அன்னிக்கு வீட்ல அளந்தப்போ?"

ஆமாம். அன்று வீட்டில் தனித்தனியாகக் கேட்டாள், தனித்தனியாக ஒரு தடவை சொன்னேன். ஆய்வகத்தில் வரிசையாகச் சொல்லும்போது கோயில் வழக்கம் தானாகப் புகுந்துவிட்டது. ஜெபக் கூட்டத்துப் பாட்டு கேட்டு வளர்ந்த அவளுக்கு என் பாட்டு எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? உட்கார்ந்து கூடச் சேவித்த அப்பாவும் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு தடவை வந்தால்தான் சரி.

எஸ்தர் கணக்கில் ஒன்று, என் வாயில் இரண்டு. மூன்றாவது தொட்டிக்கென்று இத்தனை வருடமாக அவள் மனப்பாடமாக வைத்திருந்த நேரம் பாதிதான். நேற்று இழை வளர்ந்து முடிவதற்குள் குழாயைத் தூக்கிவிட்டோம்.

வாய் சொல்லிக்கொண்டிருக்க, நான் அவளைப் பார்த்தேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவள் முகம் மெல்ல மலர்ந்து, பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வராமல் சிரித்தாள். நிறுத்தாதீர்கள் என்று கையை ஆட்டினாள்.

"ரெண்டு வாட்டியே சொல்லுங்க. ஒரு எழுத்து குறையக் கூடாது."

அதன் பிறகு நடந்ததை நான் வர்ணித்தால் அளக்கிறேன் என்பீர்கள். சுற்று மேல் சுற்று. என் தொண்டை கட்டியது. அஞ்சலை கடுங்காப்பி கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். வெயில் ஏறியபோது நாத்தனார்களுக்குக் கடைசிப் பாட்டின் ராகம் பிடிபட்டுவிட்டது. அர்த்தம் தெரியாமல், ஆனால் சுருதி பிசகாமல், அடுப்படியிலிருந்து கூடவே பாட ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த படகுக்காரர்கள் இரண்டாவது தடவைக்குக் கையைத் தட்டினார்கள். எங்கள் ஊர்க் கோஷ்டியில்கூட அத்தனை குரல் நான் கேட்டதில்லை.

ஒண்ணுமே வரல

வெயில் சாயும் நேரம் சண்முகம் வந்துவிட்டார். பின்னாலேயே இரண்டு ஆட்கள் பீப்பாய்களின் மூடியைத் தளர்த்தத் தொடங்கினார்கள். கொட்டகைக்குள் படுதாவைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, எஸ்தர் நீல விளக்கை அடித்தாள்.

நோயாளி இறாலின் சொட்டு பளிச்சென்று ஒரு பச்சைக் கோடாக எரிந்தது. அதற்குப் பக்கத்தில் அஞ்சலையின் வரிசை பூராவும் இருட்டு.

"அய்யோ, அவங்களுக்கு வெளிச்சம் வந்துச்சு, எனக்கு ஒண்ணுமே வரலியே!" என்று அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு! எல்லாம் போச்சு!"

"ஏய் அஞ்சலை, எழுந்திரு" என்று எஸ்தர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வெளிச்சம் வந்தா நோய். உனக்கு வரல. உன் தாய்ங்க சுத்தமா இருக்குதுங்க."

அஞ்சலை அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். "ஒண்ணும் இல்லன்னா... நல்லதா?"

"ரொம்ப நல்லது."

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாம்மா!"

சண்முகம் வாய்விட்டுச் சிரித்தார். எஸ்தர் அதற்குள் தட்டின் மறு பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் இரண்டு முறை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள், அதனால் எல்லாச் சொட்டையும் இன்னொரு வரிசையிலும் விட்டிருந்தாள். அங்கும் அதே பதில். தனியாக வைத்த குழாய்களும் மாதிரிகள் சரி என்றே காட்டின. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சண்முகம் வெளியே போய்க் குரல் கொடுத்தார், ஆட்கள் பீப்பாய் மூடிகளைத் திரும்ப இறுக்கினார்கள். சாலை திறந்த பிறகு சென்னையிலிருந்து வந்த மெஷின் சோதனையும் அவள் எழுதியதையே சொன்னது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்றால் அஞ்சலை விடவில்லை. எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மஞ்சள் மருந்து கலந்த வாளியில் எங்கள் இருவரையும் கை, கால் கழுவ வைத்தாள். தொட்டியின் மேலிருந்த கறுப்புத் துணியை விலக்கினாள். தண்ணீருக்குள் சாண் நீளத் தாய் இறால்கள், மீசையை ஆட்டிக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தன.

"கைய வுடும்மா. ஒண்ணும் பண்ணாது."

எஸ்தர் தயங்கித் தயங்கிக் கையை விட்டாள். ஒன்று நகர்ந்து வந்து, அவள் உள்ளங்கையில் ஏறி, மீசையால் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தது. எஸ்தர் 'ஆவ்' என்று கத்தி, கூச்சத்தில் நெளிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

"எங்கிட்ட வர்றதெல்லாம் பாட்டில்ல துண்டு துண்டா வரும் அஞ்சலை. காலு, செவுளு, அவ்ளோதான்" என்றாள். "நல்லா இருக்குன்னு பேப்பர்ல எழுதி அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் அதுங்க இன்னா பண்ணுதுன்னு ஒரு நாள்கூட பாத்ததில்ல."

"இன்னா பண்ணும்?" என்றாள் அஞ்சலை. "இதோ, இப்டித்தான் சந்தோசமா சுத்திகினு இருக்கும்."

எஸ்தர் மறு கையையும் தண்ணீருக்குள் விட்டாள்.